காணும் கல்வி

புதுவை நகருக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றை அடுத்து அமைந்த பழம்பதி வில்லியனூர். திருக்காமீசுவரர் திருக்கோயிலின் கோபுரத்தாலும் தேர்த் திருவிழாவாலும் அவ்வூரை அறிந்தோர் பலர். அவ்வூர் மண்ணின் பெருமையால் அறிந்தோர் சிலரே. களிமண்ணை மணலோடு கலந்து, மிதித்துப் பிசைந்து, கையால் உருவாக்கிச் சூளையில் சுட்டெடுக்கும் தொழில் அங்குத் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. வில்லியனூர்ச் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. அக்கலையில் தேர்ந்த முனுசாமி என்பார்க்கு 2020 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. ஆயினும், நாள்தோறும் காணும் பொருளை வியந்து நோக்குவோர் எவ்வூரிலும் அரியர். குயவர் தெரு வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், வெயிலில் உலரும் குதிரைகளைத் தாண்டிக் குதித்து ஓடுவார்களேயன்றி, நின்று பார்ப்பதில்லை.

அவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர். ஒரு நாள் அவர், “குதிரை ஒன்று வரைந்து வாருங்கள்” என்று மாணவர்களைப் பணித்தார். மறுநாள் வந்த படங்களுள் ஒன்று எல்லாவற்றையும் விஞ்சி ஒளிர்ந்தது. நீலக் கடல், செம்மஞ்சள் வானம், பிடரி பறக்கப் பாயும் வெண்குதிரை. வரைந்தவன் குயவர் தெருவைச் சேர்ந்த மாணவன். ஆசிரியர் அதை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இக்குதிரையை நீ எங்கே கண்டாய்?”

“நாட்காட்டியில் கண்டேன், ஐயா.”

“உன் வீட்டில் குதிரைகள் இல்லையோ?”

வகுப்பில் சிலர் நகைத்தனர். மாணவன் தலை கவிழ்ந்தான். “அவை வெறும் மண் பொம்மைகள், ஐயா” என்றான். அவன் குரலில் நாணம் இருந்தது.

“நாளை அவற்றுள் ஒன்றைக் கொண்டு வா” என்றார் ஆசிரியர்.

வைக்கோல் சுற்றிய பொதியாக வந்தது அக்குதிரை. ஒரு சாண் உயரம் இருக்கும். ஆசிரியர் அதை மேசைமேல் நிறுத்தி, “என்ன காண்கிறீர்கள்?” என்று வினவினார். “குதிரை” என்று எல்லோரும் ஒரே குரலில் கூறினர். “குதிரை என்பது அதன் பெயர். பெயர் தெரிந்தவுடன் கண் தன் வேலையை நிறுத்திவிடுகிறது. பெயரை மறந்துவிட்டுப் பாருங்கள்” என்றார் அவர்.

அது எளிய செயல் அன்று. நெற்கதிரைக் கண்டால் விளைச்சலையும், மேகத்தைக் கண்டால் மழையையும் எண்ணுவது மனித இயல்பு. வாழ்க்கைக்கு அது போதும். கலையைக் காண்பதற்கு அது போதாது. ஒரு பாட்டின் பொருளை மட்டும் அறிந்தவன் அதன் எதுகையையும் மோனையையும் கேளாதவன் ஆவதுபோல, ஓர் உருவத்தின் பெயரை மட்டும் அறிந்தவன் அதனை ஆக்கிய உறுப்புகளைக் காணாதவன் ஆகிறான். எழுத்து, அசை, சீர், தளை எனச் செய்யுளுக்கு உறுப்புகள் உள்ளமை போன்று, கண்ணால் நுகரும் கலைக்கும் உறுப்புகள் உள.

ஆசிரியர் சாளரங்களை அடைக்கச் செய்தார். சுவரில் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, விளக்கு ஒன்றை ஏற்றிக் குதிரையின் நிழல் தாளில் விழுமாறு வைத்தார். ஒரு மாணவியை அழைத்து நிழலின் விளிம்பைக் கரித்துண்டால் வரையுமாறு கூறினார். விளக்கை அகற்றியதும் தாளில் ஒரு கோடு எஞ்சியது. “இக்கோடு குதிரையில் எங்கே உள்ளது? தொட்டுக் காட்டுங்கள்” என்றார். மாணவர் ஒவ்வொருவராக வந்து தடவிப் பார்த்தனர். மண் இருந்தது; கோடு இல்லை. பொருள் முடிந்து வெளி தொடங்கும் இடத்தில் கண் தானாகக் கண்டுகொள்ளும் எல்லையே கோடு என்பது அப்போது அவர்களுக்கு விளங்கிற்று.

கழுத்தின் கோடு விறைத்து மேலெழுந்தது. முதுகின் கோடு சற்றே தாழ்ந்து பின்புறத்தில் நிமிர்ந்தது. வயிற்றின் கோடு தளர்ந்து வளைந்தது. ஒரே கோடு தன் போக்கால் வீரத்தையும் ஓய்வையும் காட்டுவதை மாணவியர் விரைவில் உணர்ந்தனர். அதில் வியப்பில்லை. மார்கழி வைகறையில் வாயிலில் புள்ளியிட்டுக் கோலம் வரைபவர்கள் அவர்கள். மாவு விழும் விரலின் அழுத்தம் குறையின் இழை மெலியும். கை தயங்கின் வளைவு உடையும். வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் புனையா ஓவியம் என்று வழங்கினர் பண்டைத் தமிழர். நெடுநல்வாடையில் அச்சொல் இடம்பெறுகிறது. இக்காலத்திலும் கோட்டையே துணையாகக் கொண்டு வாழ்ந்தவர் உளர். 1936 ஆம் ஆண்டில் பிறந்த மனோகர் தேவதாஸ் மதுரையின் தெருக்களையும் கோபுரங்களையும் கருமைக் கோடுகளால் நுணுக்கமாக வரைந்தவர். கண்ணோய் ஒன்றால் அவர் பார்வை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வந்தது; அந்நிலையிலும் அவர் கை ஓயவில்லை. முனுசாமிக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பெற்ற அதே 2020 ஆம் ஆண்டில் அவருக்கும் அவ்விருது கிடைத்தது. 2022 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். முழுக் கண்ணும் உடையோர் காணாதவற்றை ஒளி குன்றிய கண்ணால் அவர் கண்டார்.

கோடு தன்னையே வந்து கூடினால் வடிவம் பிறக்கிறது. தாளில் இருந்த நிழல் வடிவைக் குதிரை என்று யாரும் கூறுவர். ஆசிரியர் விளக்கை மீண்டும் ஏற்றிக் குதிரையை முகம் விளக்கை நோக்குமாறு திருப்பினார். சுவரில் இப்போது குதிரை இல்லை! இரண்டு காதுகளோடு கூடிய தூண் ஒன்று நின்றது. “பொருள் மாறியதா?” என்றார் ஆசிரியர். பொருள் மாறவில்லை, வடிவம் மாறிற்று. நீளமும் அகலமும் மட்டும் உடையது வடிவம். அவற்றோடு கனமும் உடையது உரு. சுற்றி வந்து காண்பதற்கும், கையால் பற்றுவதற்கும் உரியது அது. ஓவியன் தட்டையான தாளில் அதனை இருப்பதுபோல் காட்ட முயல்கிறான். குயவனோ உண்மையாகவே ஆக்குகிறான்.

“இவ்வுருவின் உள்ளே என்ன இருக்கிறது?” என்று ஆசிரியர் கேட்டார். “மண்” என்றனர் பலர். அதுவரை வாய் திறவாதிருந்த குயவர் மகன் எழுந்தான்.

“உள்ளே ஒன்றும் இல்லை, ஐயா. கூடாகத்தான் செய்வார்கள். கெட்டியாகச் செய்தால் உள்ளே ஈரம் தங்கிவிடும். சூளையில் சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி வெடித்துவிடும்.”

“கால்களும் அப்படியா?”

“கால்களைக் குழல்போல் முதலில் செய்து, சற்று உலரவிடுவார்கள். பச்சை மண்ணின்மேல் உடனே உடலை வைத்தால் கால் மடங்கிவிடும். பெரிய குதிரையானால் மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்றுவார்கள். மண்ணில் உமியும் சேர்ப்பார்கள். எங்கும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் உலரும்போதே விரியும். கழுத்தில்தான் முதலில் விரியும், ஐயா.”

ஆசிரியர் மாணவர் இருக்கையின் ஓரத்தில் அமர்ந்து, அவன் கூறி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். அன்று வகுப்பில் யாரும் நகைக்கவில்லை. குதிரையின் கழுத்து ஏன் அவ்வளவு பருத்திருக்கிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அது குயவனின் அறியாமை அன்று, மண்ணின் கட்டளை.

பின்னர் ஒளியின் செய்தி வந்தது. விளக்கை நேர் முன்னே பிடித்தபோது குதிரை தட்டையாகத் தோன்றிற்று. பக்கவாட்டில் கொண்டு சென்றபோது மார்பு திரண்டது. விலாவில் மென்னிழல் படர்ந்தது. காதின் பின்னே இருள் செறிந்தது. மிகு ஒளிக்கும் மிகு இருளுக்கும் இடையே எத்தனை படிகள் உண்டு என்று எண்ணுமாறு ஆசிரியர் கூறினார். ஐந்து என்றான் ஒருவன். ஒன்பது என்றாள் ஒருத்தி. இருவர் கண்ணும் உண்மையே கூறின. பயின்ற கண்ணுக்குப் படிகள் மிகும்.

வண்ணத்தைப் பற்றி மாணவர்க்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றே தோன்றிற்று. செம்மண் நிறம்; அவ்வளவுதானே! மண்ணில் உள்ள இரும்பு சூளையில் காற்றோடு கூடிச் சிவக்கிறது. காற்றைத் தடுத்துப் புகையை அடைத்தால் அதே மண் கறுக்கிறது. இதுவும் குயவர் மகன் கூறியதே. ஆசிரியர் குதிரையை வாழையிலை ஒன்றின்மேல் வைத்தார்; சிவப்பு கனன்றது. செந்நிறத் துணி ஒன்றின்மேல் வைத்தார்; அச்சிவப்பே சோர்ந்து பழுப்பாயிற்று. எந்த நிறமும் தனித்து நின்று தன் இயல்பைக் காட்டுவதில்லை. அயலில் உள்ள நிறம் அதனை மாற்றுகிறது.

பிரான்சு நாட்டில் இதனால் ஒரு வழக்கே எழுந்தது. பாரிசு நகரத்துக் கோபலின் நெசவுச்சாலையில் சாயத்துறைக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர். அங்குத் தோய்த்த கறுப்பு நூல் சாயம் குறைந்திருப்பதாகக் குறை கூறப்பட்டது. அவர் நூலை ஆராய்ந்தார், சாயத்தில் குறையில்லை. நீலமும் ஊதாவுமான நூல்களின் அயலில் நெய்யப்பட்டதாலேயே கறுப்பு வலுவிழந்து தோன்றிற்று! குற்றம் நூலின்மேல் இல்லை, கண்ணின்மேல் இருந்தது. இவ்வாராய்ச்சியை அவர் 1839 ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார். பிற்கால ஐரோப்பிய ஓவியர் பலர் அதனால் பயன் பெற்றனர். புடவைக்கு ஏற்ற கரை நிறம் தேரும் நெசவாளர்க்கு இது நூல் கல்லாமலே தெரிந்திருந்தது என்பதையும் மறத்தற்கில்லை.

அடுத்து, கண்களை மூடிக்கொண்டு குதிரையைத் தொடுமாறு ஆசிரியர் மாணவரைப் பணித்தார். முதுகு வழவழப்பாக இருந்தது. அடிவயிறு சொரசொரத்தது. பிடரியில் வரிசையாகச் சிறு குழிகள் இருந்தன. அவை கட்டைவிரல் அழுந்திய தடங்கள். ஒரு சிறுமி தன் விரலை அக்குழியில் வைத்துப் பார்த்து, “பெரிய விரல்” என்றாள். பொருளின் மேனி இவ்வாறு தன்னை ஆக்கியவனைக் காட்டிக்கொடுக்கிறது. வில்லியனூருக்குத் தென்கிழக்கே சில கல் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945 ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, உட்புறத்தில் நுண்ணிய பல் பதித்தாற்போன்ற வளையங்கள் அமைந்த மட்கலத் துண்டுகள் கிடைத்தன. எழுத்தில்லாத ஓட்டுத் துண்டுகளே அவை. ஆயினும் அம்மேனி அழகைக் கொண்டே அறிஞர் அவற்றை இனங்கண்டு, இந்தியாவின் பிற கடற்கரையூர்களில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டனர். வரலாறு சில வேளைகளில் விரல்நுனியில் தட்டுப்படும்.

எஞ்சியது வெளி. உருவம் இல்லாத இடத்திற்கு அப்பெயர். குதிரையின் நான்கு கால்களுக்கு நடுவே தெரியும் இடத்தை மட்டும் வரையுமாறு கூறியபோது மாணவர் திகைத்தனர். இல்லாததை எவ்வாறு வரைவது? வரைந்து முடித்தபின் பார்த்தால் கால்கள் தாமே தோன்றிவிட்டன. நாட்காட்டிப் படத்தைப் பார்த்து வரைந்தபோது கோணலாய்ப் போன கால்கள் இப்போது நேராய் நின்றன. ஊர்ப்புறத்து ஐயனார் கோயிலில் நிற்கும் பெருங்குதிரைகள் ஏன் அவ்வளவு ஓங்கித் தோன்றுகின்றன என்று அன்று மாலை ஒருவன் தானே கண்டுகொண்டான். அவற்றைச் சுற்றி வீடில்லை. வயலும் வானமுமே உள்ளன.

தைத் திங்களில் ஒரு நாள் ஆசிரியர் அம்மாணவரைப் பாகூருக்கு அழைத்துச் சென்றார். மண்ணில் கண்டவற்றைக் கல்லில் காண வேண்டும் என்பது அவர் விருப்பம். புதுவைக்குத் தெற்கே, பரந்த ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த ஊர் பாகூர். கல்விக்கும் அவ்வூருக்கும் தொடர்பு மிகப் பழையது. கி.பி. 9 ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கிருந்த கல்லூரிக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அவ்வூர் மூலநாதர் கோயில் முற்காலச் சோழர் பணியைக் காட்டுவது. அதன் அடித்தளத்தில் சிறு சிறு சிற்பங்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஆடல் மகளிரின் கோலங்களை அவற்றுள் காணலாம்.

காலை இளவெயில் தென்சுவரை ஒட்டிச் சாய்ந்து படர்ந்துகொண்டிருந்தது. அடி உயரம்கூட இல்லாதனபோல் தோன்றிய அச்சிற்பங்களில் ஒடிந்த இடையும் உயர்ந்த கையும் நிழலோடு புடைத்து நின்றன. செதுக்கிய ஆழம் மிகக் குறைவு. அக்குறைந்த ஆழத்திற்குள் உடல் முழுதும் திரும்புகிறது. ஆசிரியர் ஒன்றும் கூறவில்லை. மாணவர் தாமே குனிந்து, “வளைகோடு”, “இங்கே வெளி விட்டிருக்கிறான்” என்று பேசிக்கொண்டனர். பொழுது ஏறி வெயில் நேரே படத் தொடங்கியதும் நுண்ணிய மடிப்புகள் மங்கின. “விளக்கை முன்னே பிடித்துவிட்டார்கள்” என்றாள் ஒரு மாணவி. எல்லோரும் சிரித்தனர், ஆசிரியரும் சிரித்தார்.

கல்லின் வடிவை இவ்வாறு உற்று நோக்கியே காலத்தைக் கணித்தவர் ஒருவர் புதுவையில் வாழ்ந்தார். பிரெஞ்சு நாட்டவரான ழூவோ துப்ராய் என்பவர் அவர். புதுவைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே ஊர் ஊராகச் சென்று கோயில்களை ஆராய்ந்தார். தூணுக்கும் உத்திரத்திற்கும் நடுவே உள்ள போதிகை என்னும் உறுப்பு அவர் கருத்தைக் கவர்ந்தவற்றுள் ஒன்று. பல்லவர் காலத்தில் அது அலை அலையாக உருண்டு வளைந்தது. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டு நடுவே ஒரு முனை நீண்டது. விசயநகரத்தார் காலத்தில் மொட்டாகத் தொங்கிற்று. இவ்வாறு ஒவ்வோர் உறுப்பின் வடிவ மாற்றத்தையும் தொடர்ந்து சென்று, கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் காலம் கூறும் வழியை அவர் வகுத்தார். அவருடைய நூல் 1914 ஆம் ஆண்டில் வெளிவந்தது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில், மேற்பூச்சின் அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களை 1931 ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தவரும் அவரே. அக்கோயிலைப் பல்லாயிரவர் வலம் வந்திருந்தனர். சுண்ணத்தின் அடியில் ஒரு நிறம் கசிவதைக் கண்டவர் அவர்.

காணாமையால் விளையும் கேடும் பெரிது. தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில், அழுக்கைப் போக்கும் நோக்கத்தோடு மணலைக் காற்றின் விசையால் கல்லின்மேல் வீசி அடித்தனர். கல் வெளுத்தது; மக்களும், “புதியதுபோல் ஆயிற்று” என்று மகிழ்ந்தனர். உளியின் நுண்தடமும், கல்வெட்டெழுத்தின் கூர்மையும், சிற்பத்தின் கண்ணிமையும் அழுக்கோடு போயின. அறிஞர்கள் எடுத்துக் கூறிய பின்னரே அதன் தீங்கு உணரப்பட்டது. அதைச் செய்தவர்கள் தீயவர் அல்லர். மேனி என்று ஒன்று உண்டென்று அவர்க்கு யாரும் கற்பிக்கவில்லை. ஓவியரை மதுரைக்காஞ்சி கண்ணுள் வினைஞர் என்று குறிக்கிறது. சுவரிலோ தாளிலோ அன்று, காண்பவன் கண்ணுள்ளேயே அவர் தொழில் நிலைபெறுகிறது. அக்கண் பயிலாதிருந்தால் அவர் பணி பாதியில் நின்றுபோகிறது.

பாகூரிலிருந்து மாணவர் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. குயவர் மகன் வீட்டை அடைந்தான். தந்தை தாழ்வாரத்தில் அமர்ந்து, மறுநாள் சூளையில் ஏற்றுதற்குரிய குதிரைகளைச் சீர் செய்துகொண்டிருந்தார். வாங்கிச் செல்லும் வணிகர்கள் வழவழப்பையே விரும்புவர். ஆகையால் ஈரத் துணியால் பிடரியில் உள்ள விரல் தடங்களைத் துடைத்து மெழுகினார். சில குதிரைகள் முடிந்திருந்தன. துணி அடுத்த குதிரையின் கழுத்தை நெருங்கிற்று.

“அப்பா, அதை அழிக்க வேண்டா” என்றான் மகன்.

தந்தை கையை நிறுத்தினார். “ஏனப்பா?”

மகன் விளக்கை எடுத்துக் குதிரையின் பக்கவாட்டில் பிடித்தான். ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறு நிழல் தங்கிற்று. பிடரி மயிர் அசைந்தது போலிருந்தது. தந்தை தம் கைவினையைப் புதிதாகக் காண்பவர்போல் சிறிது நேரம் நோக்கினார். பின்பு துணியைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலை நனைத்து, காதுக்கு அருகில் விடுபட்டிருந்த இடத்தில் இன்னும் ஒரு தடம் பதித்தார்.